முன்சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் வலப்பக்கம் பாய்கிறது. தூக்கி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி

புல்தளம்

வணக்கம். ஒன்டாரியோவில், டொரன்டோவுக்குக் கிழக்கே ஒரு புல் ஓடுபாதையில் என் விமானத்தை வைத்திருக்கிறேன். ஆறு வருடம் வீட்டு கராஜில் நானே கட்டியது. இரண்டு இருக்கை, தாழ்வான இறக்கை, முழுக்க அலுமினியம், ரோட்டாக்ஸ் 912, 100 குதிரைத்திறன். இதுவரை 110 மணி நேரம் பறந்திருக்கிறது. எந்த கிட் (பாகங்களாக வாங்கிக் கட்டும் தொகுப்பு) என்று சொல்லவில்லை. முதல் நூறு மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது என்பதால், தவறு வடிவமைப்பில் இருக்காது, என் கைவேலையில்தான் இருக்கும்.

முன்சக்கர அமைப்பு எளிமையானது. கால் என்பது ஓர் எஃகுக் குழாய். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் மேலும் கீழுமாகப் பொருத்திய இரண்டு பிளாஸ்டிக் பேரிங் கட்டைகளுக்குள் அது ஏறி இறங்கும், திரும்பவும் செய்யும். அதிர்ச்சியைத் தாங்குவது பஞ்சி கயிறு, அதாவது தடித்த ரப்பர் கயிறு. குழாயின் இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு தகடு. இடது பெடலிலிருந்து ஒரு தண்டு இடது காதுக்கு, வலது பெடலிலிருந்து இன்னொன்று வலது காதுக்கு. நடுவில் ஸ்பிரிங் கிடையாது. அதே பெடல்கள்தான் கேபிள் வழியாக, வாலில் திசை திருப்பும் ரடரையும் இழுக்கின்றன.

இந்த வசந்தத்தில் பறக்க ஆரம்பித்ததிலிருந்து பிரச்சினை. இறங்கும்போது பின்சக்கரங்கள் இரண்டும் நேராகத் தொடுகின்றன. பெடல்களை நடுவில் வைத்திருக்கிறேன். மூக்கை முடிந்தவரை பிடித்து வைத்து மெதுவாக இறக்குகிறேன். முன்சக்கரம் தொட்ட நொடியில் வலப்பக்கம் பாய்கிறது. எங்கள் புல்லில் சமாளித்துவிடலாம். போன வாரம் பீட்டர்பரோ விமான நிலையத்தின் தார் ஓடுபாதையில் இறங்கினேன். மையக்கோட்டிலிருந்து நாலைந்து மீட்டர் விலகிய பிறகுதான் பிடிக்க முடிந்தது. உள்ளே என் மகள் இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

புறப்படும்போது எதிர்மாறாக, மூக்கு எழும்பியதும் இடப்பக்கம் இழுக்கிறது. அதை புரொப்பெல்லரின் இழுப்பு என்று இதுவரை நினைத்திருந்தேன்.

மெதுவாக டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டும்போது) பெரிதாகத் தெரியவில்லை, பெடல் மட்டும் முன்பைவிடக் கனம். வாலில் 40 கிலோ மணல் மூட்டை கட்டி மூக்கைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் சக்கரம் வெண்ணெய் மாதிரித் திரும்புகிறது, பெடல் நடுவில் இருக்கும்போது நேராகவும் நிற்கிறது. எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

ஈப்போ மெக்கானிக்

தம்பி, மலேசியாவில் பயிற்சிப் பள்ளி விமானங்களை 22 வருடம் பார்த்தவன் நான். செஸ்னா 172, பைப்பர் செரோக்கி இரண்டும்தான் அதிகம். வீட்டில் கட்டிய விமானத்தில் கை வைத்ததில்லை. ஆனால் இழுக்கும் விமானம் எதுவானாலும் நான் முதலில் முன்சக்கரத்துக்குப் போக மாட்டேன், பின்சக்கரங்களுக்குத்தான் போவேன். ஒரு பக்க பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார். பிரேக்கை ஒரு முறை மிதித்து விட்டுவிட்டு மறுபடி சுற்று; மிதித்த பிறகு பிஸ்டன் திரும்பி வராத பிரேக் அப்போதுதான் மாட்டும். காற்றழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார். பின்சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா என்று தரையில் நூல் பிடித்து அள.

பிறகு பாதியாகப் பிரி. காதுகளிலிருந்து இரண்டு தண்டுகளையும் கழற்று. இப்போது முன்கால் தனி, பெடலும் ரடரும் தனி. கனம் எந்தப் பாதியில் இருக்கிறது என்று கை சொல்லிவிடும். இதைச் செய்யாமல் கிரீஸ் அடிக்க ஆரம்பித்தவர்கள் வாரக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். 172இல் பழகியவரா நீ? அதில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. பெடலால் ஒரு பக்கம் சுமார் 10 பாகைதான் திரும்பும், பிரேக்கும் சேர்த்தால் 30 வரை போகும். பறக்கும்போது முன்கால் முழுதாக நீண்டதும் சக்கரம் தானாக நடுவுக்கு வந்து நின்றுவிடும். செரோக்கி அப்படியில்லை, தண்டு நேரடி. பக்கக் காற்றில் ரடரை மிதித்தபடி மூக்கை இறக்கினால் சக்கரம் திரும்பிய நிலையிலேயே தரையைத் தொடும், உடனே பாயும். உன்னுடையதும் நேரடித் தண்டு. பக்கக் காற்று இருந்ததா?

புல்தளம்

நன்றி அண்ணே. பீட்டர்பரோவில் அன்று காற்று ஏறக்குறைய நேர் எதிரே. 172இல்தான் படித்தேன், ஆனால் இந்த விமானத்தில் நூறு மணி நேரம் ஓட்டிய பிறகு கால் பழகிவிட்டது, மூக்கு இறங்கும் முன் பெடலை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

சனிக்கிழமை முழுவதும் நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பிரேக் இரண்டும் சுதந்திரமாகச் சுற்றுகின்றன, மிதித்து விட்ட பிறகும். காற்றழுத்தம் சமம். நூல் பிடித்ததில் பின்சக்கரங்களில் குறை இல்லை. தண்டுகளைக் கழற்றியதும் முன்கால் ஒரு விரலால் திரும்புகிறது. ரடர் கேபிளும் எங்கும் உரசவில்லை. அதாவது இரண்டு பாதியும் நன்றாகத்தான் இருக்கின்றன! திரும்ப மாட்டினேன், தரையில் இறக்கினேன், பெடல் மறுபடி கனம்.

குவீன்ஸ்லாந்து ரிவெட்

நான் ஆர்வி-9ஏ என்ற கிட் விமானம் கட்டி ஓட்டுகிறேன், பண்டபெர்க் பக்கம். எங்களுடையதில் தண்டே கிடையாது. முன்சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தன்போக்கில் திரும்பும், திசை மாற்றுவது பிரேக்கால். அதனால் உங்கள் அமைப்பில் அனுபவம் இல்லை. ஆனால் சக்கரம் வலப்பக்கம் பார்க்கிறது என்றால் வலது தண்டின் ராட் எண்டை (தண்டின் முனையில் திருகி மாட்டும் குண்டு மூட்டு) ஒன்றிரண்டு சுற்று திருகி நீளத்தை மாற்றினால் சரியாகிவிடும் அல்லவா? தரையில் நிற்கும் நிலையில் நேராக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

சஸ்பென்ஷன்காரன்

அந்தத் திருகலை இப்போது செய்ய வேண்டாம், தயவுசெய்து.

நான் விமானத் துறை இல்லை. ஒரகடம் பக்கம் கார் சஸ்பென்ஷன் வேலை, பதினாறு வருடமாக. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தொங்கும்போது நேர், சுமை ஏறினால் திரும்புகிறது, கையால் திருப்பினால் எந்தக் குறையும் இல்லை. காரில் இதற்கு பம்ப் ஸ்டியர் என்று பெயர். ஸ்டியரிங்கைத் தொடாமலே, சக்கரம் மேலே ஏறும்போது தானாகத் திரும்புவது. பாகங்களில் குறை இருக்காது. அவை மாட்டியிருக்கும் உயரங்களில்தான் குறை இருக்கும். அதனால்தான் நீங்கள் பாதியாகப் பிரித்தபோது இரண்டு பாதியும் நல்லதாகத் தெரிந்தது.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு தண்டின் பின்முனை பெடலில், முன்முனை காதில். முன்கால் மேலே ஏறினால் காதும் ஏறும், தண்டு சாயும். சாய்ந்த தண்டு கிடைமட்டத்தில் குறைவான தூரத்தைத்தான் எட்டும், சுவரில் சாய்த்த ஏணி மாதிரி. இரண்டு தண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அளவு குறையும், சக்கரம் திரும்பாது. ஒரு தண்டு மற்றதைவிட உயரத்தில் மாட்டியிருந்தால் அது அதிகம் குறையும். அந்த வித்தியாசம்தான் சக்கரத்தைத் திருப்புகிறது.

மூன்று அளவு வேண்டும். தண்டின் நீளம், காது நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் கால் எவ்வளவு ஏறுகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. நேராக டாக்ஸி செய்யும்போது யாரையாவது பின்னால் நடக்கச் சொல்லி ரடர் எங்கே நிற்கிறது என்று பார்த்தீர்களா? குளிர்காலத்தில் முன்காலில் என்ன வேலை செய்தீர்கள்?

புல்தளம்

பின்னால் என் மகளையே நடக்கச் சொன்னேன். ஹாங்கர் (விமானக் கொட்டகை) முன்னால் நேராக முப்பது மீட்டர். ரடரின் பின்விளிம்பு நடுவில் இல்லை; ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இடப்பக்கம் என்று சொன்னாள். நானே தெரியாமல் இடது பெடலை மிதித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் பஞ்சி கயிறு மாற்றினேன். கட்டியபோது போட்ட பழைய கயிறு, உறை பிரிய ஆரம்பித்திருந்தது. ஜனவரியில், ஹாங்கருக்குள் மைனஸ் 15இல், சின்ன ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். முன்காலை வெளியே எடுக்கத் தண்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. திரும்ப மாட்டிய பிறகு, மூக்கு தூக்கியிருக்கும்போதே பெடலை நடுவில் வைத்துச் சக்கரத்தை நேராக்கினேன்.

தண்டு 35 செ.மீ. காதின் துளை நடுவிலிருந்து 6 செ.மீ. கால் ஏறுவது நாலரை.

சஸ்பென்ஷன்காரன்

ரடர் இடப்பக்கம் நின்றது முக்கியமான தடயம். புறப்படும்போது நடப்பதும் இதனால் புரிகிறது. முன்சக்கரம் தரையில் இருக்கும்வரை அந்த இடது பெடல் சக்கரத்தை நேராக வைத்திருக்கிறது. மூக்கு எழும்பியதும் சக்கரத்துக்கு வேலை இல்லை. மிதித்திருக்கும் ரடர் மட்டும் மிச்சம், அது இடப்பக்கம் இழுக்கிறது. புரொப்பெல்லரும் அதே பக்கம்தான் இழுக்கும் என்பதால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

இப்போது கணக்கு. இடது தண்டு தொங்கும் நிலையில் மட்டமாக இருந்து 45 மி.மீ. ஏறினால் 2.9 மி.மீ. குறைகிறது. வலது தண்டின் முன்முனை 15 மி.மீ. மேலே மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: 15இலிருந்து 60க்குப் போகும், குறைவது 4.9 மி.மீ. வித்தியாசம் 2. காதுகளுக்கு இடையே 120 மி.மீ. என்றால் சக்கரம் ஏறக்குறைய ஒரு பாகை திரும்பும்.

ஒரு பாகைதானே என்று தோன்றும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர் என்று வைத்தால், ஒரு பாகைக்கு விமானம் 80 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகப் பார்க்கும். நடக்கும் வேகத்தில் பத்து மீட்டருக்கு அரை மீட்டர் சொச்சம் விலகும், பெடலில் உங்கள் கால் தானாகத் திருத்திவிடும். அதே வட்டத்தை 40 நாட் (மணிக்கு சுமார் 74 கி.மீ.) வேகத்தில் எடுக்கப் பார்த்தால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதி. டயர் வழுக்கும், அதனால் முழுதாக வராது. புல்லில் அதிகம் வழுக்குவதால் குறைவு, தாரில் பிடிப்பதால் மோசம். நீங்கள் சொன்னதும் இதுதான்.

15 என்று நான் போட்டது ஊகம் இல்லை. ராட் எண்டை காதுக்குக் கீழே மாட்டுவதற்குப் பதில் மேலே மாட்டினால் அவ்வளவு வரும்: காதுத் தகட்டின் தடிமன், ராட் எண்ட் குண்டின் அகலம், ஒன்றிரண்டு வாஷர். போய்ப் பாருங்கள்.

பெடல் கனமும் இதில் சேர்ந்ததாக இருக்கலாம். இரண்டு தண்டும் பொதுவாகக் குறையும் பகுதி இரண்டு பெடலையும் ஒரே பக்கம் நகர்த்தப் பார்க்கும், அதனால் ரடர் கேபிள்களின் இழுவிசை மாறும். ஆகவே கேபிள் இழுவிசையைத் தொங்கும் நிலையில் வைத்தீர்களா, நிற்கும் நிலையிலா என்பதையும் கட்டுமானக் கையேட்டில் பாருங்கள்.

ராட் எண்டைத் திருக வேண்டாம் என்றதன் காரணம்: தரையில் நேராகிவிடும், ஆனால் பறக்கும்போது தொங்கும் சக்கரம் ஒரு பாகை திரும்பி நிற்கும். தடயம் மறைந்துவிடும், குறை இருக்கும். பள்ளத்தில் விழுந்து கால் இன்னும் ஏறும்போது மறுபடி திருப்பும்.

குவீன்ஸ்லாந்து ரிவெட்

சரி, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இப்படி யோசிக்கவில்லை.

புல்தளம்

சார், இரவு பத்து மணிக்கு ஹாங்கருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது ராட் எண்ட் காதுக்குக் கீழே. வலது, மேலே.

செய்தது நினைவுக்கு வந்தது. வலப்பக்கம் எக்ஸாஸ்ட் குழாய் மிக அருகில் வருகிறது. காதுக்குக் கீழே ராட் எண்ட், வாஷர், நட் மூன்றையும் பிடித்து ஸ்பானர் போட இடம் போதவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது. மேலே வைத்தால் கீழே நட் மட்டும்தான், சுலபமாகப் போனது. திரும்பும் அளவு சரியாக வருகிறதே என்று விட்டுவிட்டேன். கோயம்புத்தூரில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன் நான். கழற்றும் முன் எதை எப்படி வைத்திருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளாமல் அவர் ஒரு போல்ட்டையும் தொட மாட்டார். அந்தப் பக்கத்துப் படம்கூட நான் எடுத்து வைக்கவில்லை.

உறுதிசெய்ய ஒரு சோதனையும் செய்தேன். மிஞ்சிய அலுமினியத் தகடுகள் இரண்டுக்கு நடுவே கிரீஸ் பூசி முன்சக்கரத்தின் கீழே வைத்தேன், டயர் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க. ரடரையும் பெடலையும் மரச்சட்டம் வைத்து நடுவில் பூட்டினேன். முன்காலில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு மீட்டர் நீளச் சட்டத்தை முன்னோக்கிக் கட்டினேன். வாலை அழுத்தி மூக்கைத் தூக்கித் தரையில் ஒரு கோடு, இறக்கி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே 18 மி.மீ., வலப்பக்கம். கணக்குப்படி ஒரு பாகைக்கு 17 வரும்.

ஈப்போ மெக்கானிக்

நல்ல வேலை, இருவரும். நான் இதைப் பிடித்திருக்க மாட்டேன். பள்ளி விமானங்களில் எல்லாம் ஒரே மாதிரி மாட்டியிருக்கும், உயரத்தைப் பற்றி யோசிக்க வேண்டி வந்ததில்லை.

தம்பி, மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. எக்ஸாஸ்ட் கிளாம்பைத் தளர்த்தி ஒதுக்கு, இடம் வரும். இடம் இல்லாத இடத்தில் வேலை செய்யாதே, இடத்தை உண்டாக்கு. போல்ட் தலை மேலே, நட் கீழே. நட் கழன்றாலும் போல்ட் துளையில் நிற்கும். ராட் எண்டுக்கு வெளியே அகல வாஷர் ஒன்று போடு. குண்டு தேய்ந்து கழன்றுவந்தாலும் தண்டு கையை விட்டுப் போகாது. தண்டில் சோதனைத் துளை இருந்தால் அதில் மெல்லிய கம்பி நுழையக் கூடாது. நுழைந்தால் ராட் எண்டின் மரை போதுமான அளவு உள்ளே போகவில்லை. லாக் நட்டை இறுக்கி வண்ணக் கோடு போடு. நட் கழலாமல் குறுக்கே போடும் காட்டர் பின்னில் பழையதை மறுபடி போடாதே. கடைசியில் மூக்கு தொங்கும்போது ஒரு முறை, நிற்கும்போது ஒரு முறை, பெடலை இரண்டு பக்கமும் முழுதாக மிதித்து ரடர் அதன் தடுப்பைத் தொடுகிறதா என்று பார். சக்கரத்தின் தடுப்பு முந்திக்கொண்டால் ரடர் முழுதாகக் கிடைக்காது.

வால்காற்று

இடையில் ஒரு கேள்வி. என்னுடைய முன்சக்கரம் 20 நாட் வாக்கில் படபடவென்று அடிக்கிறது, வேகம் குறைந்ததும் நின்றுவிடுகிறது. இதுவும் அந்தத் தண்டு விஷயமா?

ஈப்போ மெக்கானிக்

இல்லை, அது ஷிம்மி, சக்கரம் இடமும் வலமுமாக வேகமாக ஆடுவது. டயர் சமநிலை, டயர் வட்டமாக இருக்கிறதா, காற்றழுத்தம், அப்புறம் எங்கெல்லாம் ஆட்டம் இருக்கிறது என்று பார்: ஃபோர்க், சக்கர பேரிங், ராட் எண்ட். ஆட்டத்தை அடக்கும் டாம்பர் இருந்தால் அதன் எண்ணெய். தனித் தலைப்பில் எழுது, விவரமாகச் சொல்கிறேன்.

குவீன்ஸ்லாந்து ரிவெட்

எங்களைப் போல் தன்போக்கில் திரும்பும் சக்கரம் என்றால் முதலில் ஃபோர்க்கின் இறுக்கத்தைப் பாருங்கள். ஆர்வியில் சக்கரத்தைத் தூக்கி, அச்சில் தராசைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் 22 பவுண்டில்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்பே திரும்பினால் ஷிம்மி வரும். டயர் மாற்றும்போதெல்லாம் நான் பார்ப்பேன்.

புல்தளம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். மழை.

எக்ஸாஸ்ட் கிளாம்பைத் தளர்த்தி வலது ராட் எண்டை காதுக்குக் கீழே கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. அகல வாஷர்கள், புது காட்டர் பின்கள். இரண்டு தண்டின் நீளத்தையும் துளை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து ஒன்றாக்கினேன். கேபிள் இழுவிசையைக் கையேட்டில் பார்த்தேன், சக்கரத்தில் சுமை இருக்கும்போதுதான் வைக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நான் தொங்கவிட்டு வைத்திருந்தேன். அதையும் திருத்தியதும் பெடல் கனம் போய்விட்டது.

தகட்டுச் சோதனையை மறுபடி செய்தேன். கோடுகள் இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ. கூட இல்லை. இங்கே கனடாவில் பறப்புக் கட்டுப்பாட்டைக் கலைத்த வேலை என்றால் இரண்டாவது ஆள் ஒருவர் சோதித்துக் கையெழுத்து போட வேண்டும். பக்கத்து ஹாங்கரில் இருக்கும் பெரியவர் வந்தார். ஜனவரியிலும் அவர்தான் பார்த்தார். பின், நட், திருப்பம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இந்த முறை இரண்டு காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.

நேற்று மாலை காற்று அடங்கிய பிறகு முதலில் தனியாக. எங்கள் புல்லில் வேகமான டாக்ஸி நான்கு முறை, பிறகு பீட்டர்பரோ. தாரில் பின்சக்கரங்கள் தொட்டன, மூக்கைப் பிடித்து வைத்தேன், பெடல் நடுவில். முன்சக்கரம் தொட்டது. மையக்கோடு மூக்குக்குக் கீழேயே ஓடியது. ஆறு முறை இறங்கினேன், ஆறும் அப்படியே. புறப்படும்போது இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் அது பழைய அளவுதான்.

வலது காதுக்குப் பக்கத்தில் ஃபயர்வாலில் ஒரு சின்ன அலுமினியத் தகட்டை ரிவெட் செய்து, 'ராட் எண்ட் கீழே' என்று பொறித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடு போகிறேன்.